நெட்டைக் கிளாஸ்

என் அக்காவைக் கட்டிய மனிதரைப் பற்றி நல்லதாக எழுத அந்தக் குடியேற்றத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. அவர் யாரையும் ஏசியதில்லை. குடித்துவிட்டுத் தள்ளாடியதில்லை. வாசலுக்கு வந்தவர் சேற்றுக் காலோடு வந்தாலும் கதிரையில் இருத்தாமல் பேசியதில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் நான் எழுதுவதானால் அவருடைய கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தக் கை எந்நேரமும் ஈரமாக இருந்தது. சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருந்தது. விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் கிடந்தவைபோல வெளிறிச் சுருங்கியிருக்கும். அவற்றில் தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சையின் தோல் மணமும், அதற்கடியில் சாராயத்தின் மெல்லிய புளிப்பும் ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்து விழாவுக்கு வந்தபோது என் வகுப்புப் பிள்ளைகளின் தலையைத் தடவினார். பிள்ளைகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தவளை ஏறினதுபோலக் கிடந்தது என்று ஒரு சிறுமி சொன்னாள். நான் அவளைக் கண்டிக்கவில்லை.

அறுபதாம் ஆண்டுக்குச் சற்று முன்பு, ஆசிரியைப் பயிற்சி முடிந்த கையோடு எனக்குக் கிடைத்த நியமனம் கிளிநொச்சியிலிருந்து உள்ளே போகிற ஒரு குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடம். காடு வெட்டி, குளம் திருத்தி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு வயற்காணியும் மேட்டுக்காணியும் கொடுத்திருந்தார்கள். குளத்துத் தண்ணீருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அத்தான்தான். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது என்பது அவர் சொல்வதுபடிதான். சனங்கள் அவரை "தண்ணி ஐயா" என்றார்கள். கூப்பிடு தூரத்தில் அக்கா வீடு இருக்க வேறெங்கே தங்குவது? நான் என் பெட்டியோடு அவர்களுடைய குவாட்டர்ஸுக்குப் போனேன்.

அங்கே விறாந்தைக்கு அடுத்த அறையில், அலுமாரிக்குப் பக்கத்தில், ஐஸ்பெட்டி நின்றது. மின்சாரம் இல்லாத ஊர். இது மண்ணெண்ணெயில் ஓடுவது. அடியில் சின்ன விளக்கு எரியும், மேலே ஐஸ் கட்டும். நெருப்பு எரிந்து குளிர் வருவதைப் பார்க்கவென்றே சனங்கள் வந்து போனார்கள். அத்தான் அந்தத் திரியைக் காலையும் மாலையும் தானே வெட்டிச் சீராக்குவார். வீட்டில் அவர் தன் கையால் செய்த வேலை இரண்டுதான். ஒன்று அந்தத் திரி. மற்றது நெட்டைக் கிளாஸ்.

கொழும்பில் படிக்கிற காலத்தில் ஒரு துரை வீட்டில் பழகிய பழக்கமாம். ஹைபோல் என்பார். குடியேற்றச் சனத்துக்கு அது நெட்டைக் கிளாஸ். ஒடுக்கமான, உயரமான, கனத்த அடி வைத்த கண்ணாடிக் கிளாஸ்கள். பகல் முழுக்க அவை ஐஸ்பெட்டிக்குள் இருந்து வெளியே வரும்போது வெள்ளையாக மூச்சுவிடும். முதலில் ஐஸ், கிளாஸின் கழுத்துவரை. அரைகுறையாகப் போட்டால் கெதியாகக் கரைந்து எல்லாம் சளசளத்துப் போகும் என்பார். மூன்றில் ஒரு பங்கு சாராயம். பிறகு கிளாஸைச் சரித்து, ஓரத்தால் ஒழுகவிட்டு, இஞ்சிப் பியரோ சோடாவோ. நீட்டுக் கரண்டியை அடிவரை இறக்கி ஒரே ஒரு தரம் மேலே தூக்கிவிடுவார். இரண்டாம் தரம் கலக்கினால் உள்ளே இருக்கிற காற்றுப் போய்விடுமாம். கடைசியில் தேசிக்காய்த் தோல் ஒரு சீவல் எடுத்துக் கிளாஸுக்கு மேலே முறுக்குவார். தோலிலிருந்து எண்ணெய் பொடிப்பொடியாகப் பறந்து விழும். அந்த மணம் விறாந்தை முழுக்கப் போகும்.

பெண்களுக்கும் குடியாதவர்களுக்கும் சாராயம் இல்லாமல் அதே கிளாஸ், அதே ஐஸ், அதே தோல் முறுக்கு. நானும் குடித்திருக்கிறேன். வெயிலில் நடந்து வந்து அதைத் தொண்டைக்குள் விடும்போது கண் தானாக மூடும். அவ்வளவு நன்றாக இருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

இஞ்சிப் பியரும் வீட்டிலேதான் போட்டார்கள். போட்டார்கள் என்பது மரியாதைக்கு. அத்தான் அளவு சொல்வார். அக்கா இஞ்சியை அம்மியில் அரைத்து, சீனியும் தேசிப்புளியும் சேர்த்து, பொங்குவதற்காகக் கொஞ்சம் கள்ளும் விட்டு, போத்தல்களில் அடைத்துக் குசினி மூலையில் அடுக்குவா. அரைக்கிற நாளில் அவவின் உள்ளங்கைகள் சிவந்து எரியும். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவா. பிழிந்த தேசிக்காய் மூடிகள் குசினிக்குப் பின்னால் குவிந்து, கறுத்து, இலையான் மொய்த்துக் கிடக்கும். முன்பக்கம் மணம், பின்பக்கம் அழுகல். அந்த வீட்டுக்குள் நான் போனது முன்பக்கத்தால்.

அவரிடம் ஒரு சொல் இருந்தது. "முதல் குளிருவம். பிறகு கதைப்பம்."

யார் என்ன கொண்டுவந்தாலும் அதைத்தான் சொல்வார். ஒரு நாள் பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேர், மாடு வேலி பாய்ந்த வழக்கோடு, ஒருவரின் சட்டையை மற்றவர் பிடித்தபடி வந்தார்கள். அத்தான் இருவரையும் இருத்தி, கையில் நெட்டைக் கிளாஸைக் கொடுத்தார். ஐஸ் கிளாஸில் தட்டுப்படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர்கள் குடித்தார்கள். அவர் மழையைப் பற்றிக் கேட்டார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரே சைக்கிளில் போனார்கள். எனக்கு அன்று அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது. அடுத்த கிழமை அதே மாடு அதே வேலியைப் பாய்ந்தது. இந்தத் தரம் அவர்களில் ஒருவருக்குக் கை முறிந்தது. வழக்கு என்னவென்று அன்று ஒருவரும் அவர்களிடம் கேட்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் அப்பாவும் அந்தக் கிளாஸைக் குடித்தவர்தான். நான் வருவதற்கு முந்திய வருடம் அக்காவுக்குப் பிறந்த முதற்பிள்ளை ஒரு கிழமைகூட இருக்கவில்லை. அக்காவைக் கொஞ்சக் காலம் வீட்டுக்குக் கூட்டிவரப் போகிறேன் என்று அப்பா புறப்பட்டார். தனியாகத் திரும்பி வந்தார். "மருமோன் தங்கம்," என்றார். "எவ்வளவு துக்கத்துக்குள்ளையும் என்னை இருத்தி, தன்ரை கையாலை சோடா கலந்து தந்தவர்." அக்கா ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டா. அதைப் பேச வசதிப்படவில்லை என்றார் அப்பா.

பிள்ளை போன நாளைப் பற்றி அக்கா எனக்கு ஒரே ஒரு தரம் சொன்னா. இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தபோது, தலை நிமிர்த்தாமல் சொன்னா.

"பிள்ளையை அடக்கஞ்செய்துபோட்டு வந்து, குளிச்சுப்போட்டு, நேரை ஐஸ்பெட்டியைத்தான் திறந்தவர். எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டினவர். குடியும், கொஞ்சம் குளிரும் எண்டு."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பல்லுக் கூசினது. அதுதான் ஞாபகம் கிடக்கு."

அதன்பிறகு அந்தக் கிளாஸை நான் வாங்குவதைக் குறைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்த விசயம் நடந்தது ஒரு சிறுபோகத்தில். சிறுபோகம் என்பது மழையை நம்பாமல் குளத்துத் தண்ணீரை மட்டும் நம்பி விதைக்கிற போகம். அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் முறை வைத்து விட்டால் எல்லாருக்கும் போதும் என்று கூட்டம் வைத்து, அத்தானே சொல்லி, சனத்தை விதைக்க வைத்தார். பயிர் ஒரு முழம் வந்தது. சோழகக் காற்று அனலாக வீசத் தொடங்கியது. வாய்க்காலின் கடைசியில் இருந்த காணிகளுக்குத் தண்ணீர் வரவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரியும். வாய்க்காலின் தலைப்பில் அரிசி மில்காரர் ஒருவர், தன்னுடையதும் பிறத்தியாரிடம் எடுத்ததுமாகக் கனக்கக் காணி செய்தார். அவருடைய ஆட்கள் வாய்க்காலை இடையில் மறித்து, முறை இல்லாத நாளிலும் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். கடைசிக் காணிகளுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் கதவில் பூட்டு. பூட்டின் திறப்பு அத்தானிடம்.

கடைசிக் காணிக்காரர்களில் ஒருவர் சின்னத்துரையர். வற்றல் மனிதர். அதிகம் பேசாதவர். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். அவர் முறைப்பாடு சொல்ல அத்தானிடம் வந்ததை நான் பல தரம் கண்டேன். வரும்போது முகம் இறுகியிருக்கும். கதிரை நுனியில் இருப்பார். "முதல் குளிருவம்" என்பார் அத்தான். போகும்போது சின்னத்துரையர் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஐயா பாத்துச் செய்வார்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு படி இறங்குவார்.

அவருடைய மனைவி பூரணம் அக்கா பள்ளிக்கூடத்து வாசலில் வைத்து என்னிடம் சொன்னா: "தண்ணி கேக்கப் போற மனிசன் தண்ணி குடிச்சிட்டு வாறார், ரீச்சர். உங்கடை அத்தானிட்டைச் சொல்லுங்கோ, எங்கடை மனிசனுக்கு விடுறதை வாய்க்காலுக்கு விடச் சொல்லி."

சொல்லிவிட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்குப் புளித்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"அத்தான், கடைசிக் காணிக்கு ஏன் தண்ணி வரேல்லை?"

"வரும் தங்கச்சி."

"மில்காரர் இடையிலை மறிச்சு வைச்சிருக்கிறாராம்."

"சனம் கனக்கக் கதைக்கும்."

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?"

அவர் கோபிக்கவில்லை. சோற்றில் குழம்பை அளவாக விட்டுப் பிசைந்தார். "நான் போய் மில்காரரோடை சத்தம் போட்டால் அவர் திருப்பிச் சத்தம் போடுவார். பிறகு பெரிய இடத்துக்குப் போவார். எல்லாருக்கும் சூடு. ஆருக்கு என்ன லாபம்? ஆள் ஒருநாள் இஞ்சாலை வரும்தானே. இருத்திக் கதைப்பம்."

"எப்ப?"

"நீர் இண்டைக்கு வெயிலுக்குள்ளை நடந்து வந்தனீர் போலை. முகம் வாடிக் கிடக்கு. கொஞ்சம் இஞ்சி போட்டுத் தரட்டே?"

வேண்டாம் என்றேன். அக்கா கரண்டியால் சோறு எடுத்துக்கொண்டிருந்தா. அவர் உண்மையாகவே என் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான். அவரிடம் வஞ்சகம் இருந்திருந்தால் நான் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவரிடம் இருந்தது வேறு. எதிரே இருப்பவருடைய சூடு தன் மேலே படக்கூடாது. அதற்காக எவ்வளவு ஐஸும் போடுவார்.

சில நாட்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைசிக் காணிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வந்தார்கள். பூரணம் அக்கா முன்னுக்கு. கையில் வேரோடு பிடுங்கிய ஒரு பிடி பயிர். நுனி எல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. குடலை வருகிற பருவம், இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கதிரே வராது என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தா.

அத்தான் முகம் ஒரு கணம் வெளிறியது. ஆண்கள் என்றால் அவருக்குப் பழக்கம். பெண்கள் இப்படி வந்ததில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ. வெயில் என்ன வெயில். முதல் குளிருவம்," என்று உள்ளே போனார். கிளாஸ் போதாமல் வீட்டிலிருந்த எல்லாப் பேணியும் எடுத்தார். தேசிக்காய் வெட்டினார், பிழிந்தார், சீனி கரைத்தார், ஐஸ் தட்டினார். அவ்வளவு பேருக்கும் தோல் முறுக்கினார். ஒன்றைக்கூட விடவில்லை.

பெண்கள் முதலில் தயங்கினார்கள். ஐஸை வாயில் வைத்த இளம்பெண் ஒருத்தி கூசிப்போய்ச் சிரித்தாள். இடுப்பில் இருந்த குழந்தை ஒன்று ஐஸ்கட்டியைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு கண்ணை உருட்டியது. அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது கலியாண வீட்டு விறாந்தைபோல ஆகிவிட்டது. நாக்கு வறண்டு நடந்து வந்தவர்கள். குடிக்காமல் என்ன செய்வார்கள்?

பூரணம் அக்கா மட்டும் கிளாஸைத் தொடவில்லை. அத்தான் அவவுக்கு நெட்டைக் கிளாஸிலேயே கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்குத் தாகம் இல்லை ஐயா. வயலுக்குத்தான் தாகம்."

"அதைப்பற்றித்தானே கதைக்கப்போறம். முதல் குடியுங்கோ."

"கதைச்சுப்போட்டுக் குடிக்கிறன்."

அத்தானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிளாஸை அவவுக்கு முன்னால் சின்ன மேசையில் வைத்தார். மழையைப் பற்றிக் கேட்டார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். அவ "ஓம் ஐயா" "இல்லை ஐயா" என்று மரியாதையாக மறுமொழி சொல்லிக்கொண்டு, பயிரைக் கையில் பிடித்தபடி நின்றா. கிளாஸைச் சுற்றி மேசையில் தண்ணீர் வட்டம் பெருத்தது. ஐஸ் கரைந்து கீழே இறங்கியது. அத்தானுடைய கண் அவவின் முகத்தில் இல்லை, கையிலிருந்த பயிரில் இல்லை. கிளாஸிலேயே நின்றது. கடைசியில் பொறுக்கமுடியாமல் அவர் எழும்பினார்.

"இது தண்ணியாப் போச்சு. வேறை போட்டுத் தாறன்."

உள்ளே போய் அதை ஊற்றிவிட்டு, புதிதாக ஐஸ் நிறைத்து, புதிதாகத் தோல் முறுக்கி, இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். அந்தப் பெண்ணின் கையில் செத்துக்கொண்டிருந்த பயிருக்கு முன்னால், தேசிக்காய்த் தண்ணீர் கெட்டுப்போகிறதே என்று அந்த மனிதர் உண்மையாகத் துடித்ததை என் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு அவர் செய்த எதுவும் எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

இரண்டாவது கிளாஸும் கரைந்தது. மற்றப் பெண்களின் சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லாரும் பூரணம் அக்காவையே பார்த்தார்கள். அத்தான் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"சரி. திங்கட்கிழமை நானே வந்து கதவைத் திறந்து விடுறன். போதுமே?"

"போதும் ஐயா," என்றா பூரணம் அக்கா. கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினா. கிளாஸ் அப்படியே இருந்தது.

ஞாயிறு பின்னேரம் மில்காரர் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாசலிலேயே குரலை உயர்த்தினார். அத்தான், "முதல் குளிருவம்," என்றார். மில்காரர் குடித்தார். அத்தான் மழையைப் பற்றிக் கேட்டார். மில்காரர் மழையைப் பற்றிப் பேச வரவில்லை. "திங்கட்கிழமை உந்தக் கதவு திறபட்டால் நான் ஆர் எண்டு காட்டுறன்," என்றார். அத்தான் கிளாஸை இன்னொரு தரம் நிறைத்தார். மில்காரர் சிரித்த முகத்தோடு போனார்.

திங்கட்கிழமை அத்தான் கந்தோர் அலுவலாகக் கிளிநொச்சிக்குப் போனார். செவ்வாய்க்கிழமையும் போனார். பயிர் போய்விட்டது என்று அந்தக் கிழமைக் கடைசியில் சனங்கள் சொல்லிக்கொண்டார்கள். நான் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பார்த்தேன். வயல் முழுக்க வைக்கோல் நிறம். காலடியில் நிலம் வாய் பிளந்து கிடந்தது. மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அவையும் விருப்பமில்லாமல் மேய்ந்தன.

சின்னத்துரையருடைய காணியில் பள்ளமான ஒரு துண்டு மட்டும் இன்னும் பச்சை பிடித்திருந்தது. அதற்காகத்தான் அவர் ஒரு காலை கோடரியோடு போய் வாய்க்கால் கதவின் பூட்டை உடைத்தார். தண்ணீர் அவருடைய வரம்புக்கு வந்து சேருவதற்குள் மில்காரரின் ஆட்கள் வந்து கதவை இறக்கிவிட்டார்கள். அரசாங்கப் பூட்டை உடைத்ததென்று பொலிசுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தவர் அத்தான். அமைதியான, அழகான ஆங்கிலத்தில், ஒரு கடும் சொல் இல்லாமல் எழுதினார். எழுதும்போது பக்கத்தில் கிளாஸ் இருந்தது.

மறுநாள் பொலிஸ் வந்தது. நான் பள்ளிக்கூடத்தால் வந்து குடையை மடக்குகிற நேரம், பொலிஸ் ஜீப் எங்கள் வாசல் வழியாகத் திரும்பிப் போனது. அத்தான் படியில் இறங்கிக் கையைக் காட்டி அதை மறித்தார். பின்னால் சின்னத்துரையர் இருந்தார். இரண்டு கையிலும் விலங்கு.

"கொஞ்சம் பொறுங்கோ சார்ஜன். உந்த வெயிலுக்குள்ளை வெறும் தொண்டையோடை போறதே."

தட்டில் நெட்டைக் கிளாஸ்கள் வந்தன. சார்ஜனுக்கு ஒன்று, கொன்ஸ்தாபலுக்கு ஒன்று. பிறகு ஜீப்பின் பின்பக்கம் போனார். சின்னத்துரையருக்காக வைத்திருந்த கிளாஸின் மேலே தேசிக்காய்த் தோலை எடுத்து, அவசரப்படாமல், மற்றவர்களுக்கு முறுக்கியதுபோலவே முறுக்கினார்.

"குடியும். குளிரும்," என்றார்.

விலங்கு பூட்டியிருந்ததால் சின்னத்துரையர் இரண்டு கையாலும் வாங்கினார். வாயை எடுக்காமல் குடித்தார். கடைவாயால் ஒழுகி நெஞ்சு மயிரில் இறங்கியது. ஐஸ் மூக்கில் இடித்தது. வெறும் கிளாஸை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "பெரிய உபகாரம் ஐயா," என்றார்.

ஜீப் போனது. அத்தான் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினார். "பாவம், நல்ல மனிசன்," என்றார் என்னைப் பார்த்து.

"நீங்கள்தானே அத்தான் எழுதிக் குடுத்தனீங்கள்?"

"அது வேலை, தங்கச்சி." அவர் குரலில் ஒரு கலக்கமும் இல்லை. ஒரு கிளாஸின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துவாயால் துடைத்தார்.

நான் குசினிக்குப் பின்னால் போனேன். இலையான் மொய்த்த தேசிக்காய் மூடிக் குவியலைக் கண்டதும் அடக்கமுடியாமல் சத்தி எடுத்தேன். அத்தான் மீது மட்டுமல்ல, அந்த "உபகாரம் ஐயா" மீதும் எனக்கு அருவருப்பு. தன் வயிற்றில் அடித்தவன் நீட்டியதை ஒரு மனிதன் இப்படியும் வாங்கிக் குடிப்பானா?

வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து, அக்காவிடம், "நான் போறன்," என்றேன்.

"எங்கை?"

"பூரணம் அக்கா வீட்டை. அவை ஓமெண்டால் அங்கை இருக்கிறன். என்ரை சம்பளம் அவைக்கு ஒரு சாப்பாட்டுக்கு உதவும்."

அக்கா அம்மிக்கு முன்னால் இருந்தா. கை இஞ்சி. ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "அலுமாரியிலை என்ரை நூல்சீலை ரெண்டு கிடக்கு. அதையும் கொண்டு போ. அங்கை பட்டு உடுக்கேலாது," என்றா.

கோர்ட்டில் சின்னத்துரையர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சில மாத மறியல் தண்டனை விழுந்தது. நானும் பூரணம் அக்காவும் ரயிலில் யாழ்ப்பாணம் போய் மறியற்சாலையில் அவரைப் பார்த்தோம். நான் கண்டதை அவவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவ அதை மனதில் வைத்திருந்தா.

"அந்த மனிசன்ரை கையாலை வாங்கிக் குடிச்சனீங்களாம்."

சின்னத்துரையர் என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. "ஓம். குடிச்சனான்."

"வெக்கமில்லையே உங்களுக்கு?"

"விடியக்காலமையிலையிருந்து கதவடியிலை விசாரணை. வெயிலுக்கை நிண்டனான். நாக்கு மேலண்ணத்திலை ஒட்டிக் கிடந்தது. பேய் கொண்டுவந்து நீட்டியிருந்தாலும் குடிச்சிருப்பன், பூரணம்."

அவ தணிந்த குரலில், "நல்லாயிருந்ததே?" என்று கேட்டா.

"ஓம்," என்றார். அவருடைய கண் கலங்கியது.

திரும்பி வருகிற ரயிலில் எனக்கு அவர்மேல் இருந்த அருவருப்பு எங்கேயோ கழன்று போயிற்று. அத்தான் மீதிருந்தது இரட்டித்தது. தாகத்தை அந்த மனிதர் அறிந்த அளவுக்கு அந்தக் குடியேற்றத்தில் வேறு யாரும் அறியவில்லை. எந்த நேரத்தில் ஒருவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் கிளாஸோடு நிற்பார். வாய்க்காலடியில் ஒருநாளும் நிற்க மாட்டார்.

அடுத்த மாரிக்கு முன்னர் அவருக்குப் பதவி உயர்வோடு மாற்றம் வந்தது. மில்காரர் தலைமையில் பிரியாவிடை வைத்தார்கள். மாலைகள் போட்டார்கள். ஒருநாளும் ஒருத்தரையும் வெறும் தொண்டையோடு அனுப்பாத மனிதர் என்று ஒருவர் பேசினார். காய்ந்த காணிக்காரர்களும் கைதட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புறப்படுகிற நாளில் அவருடைய ஜீப் பூரணம் அக்காவின் படலையில் வந்து நின்றது. பின்னால் சாமான் ஏற்றிய லொறி. ஐஸ்பெட்டியைச் சரியாமல் நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாராம். மாமர நிழலில் போட்ட பலகை வாங்கில் இருந்தார். வெயில் அனல். கழுத்தைத் துடைத்தார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமே?"

பூரணம் அக்கா உள்ளே போய்ப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா. அவர் ஒரு வாய் எடுத்தார். விழுங்கச் சற்று நேரம் பிடித்தது.

"உவர் அடிக்குது."

"ஓம் ஐயா. கிணறு வத்தினாப்பிறகு அப்பிடித்தான்."

"ஒரு தேசிக்காய்ப் பாதி பிழிஞ்சு விடுங்கோ. தோலையும் மேலாலை இப்பிடி முறுக்கிவிட்டால் உவர் தெரியாது." விரல்களால் செய்து காட்டினார்.

"தேசி ஒண்டு நிண்டது ஐயா. வயலோடை சேந்து அதுவும் பட்டுப்போச்சு."

"பாவம்," என்றார். அது மரத்துக்கா அவவுக்கா என்று எனக்கு விளங்கவில்லை. முக்கால்வாசித் தண்ணீரோடு பேணியை வாங்கில் வைத்துவிட்டு எழும்பினார். "அப்ப வரட்டே தங்கச்சி?"

அவர் ஜீப்பில் ஏறின பிறகு, அதுவரை உள்ளேயே இருந்த என் அக்கா இறங்கி வந்தா. என்னைக் கட்டிப்பிடிப்பா என்று நினைத்தேன். நேரே வாங்குக்குப் போய், அவர் வைத்த பேணியை எடுத்து, அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தா. சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, பேணியைப் பூரணம் அக்காவின் கையில் கொடுத்தா.

"நல்ல தண்ணி," என்றா. "போட்டு வாறன்."

ஜீப் கிளம்பும்போது அத்தான் கேட்டது எங்களுக்கும் கேட்டது. "உந்தத் தண்ணியை ஏன் குடிச்சனீர்? வழியிலை நான் நல்லதாப் போட்டுத் தந்திருப்பனே."